மறதி நோய்க்கு மூலிகை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் பெரியம்மாவுக்கு 68 வயதில் மறதி தொடங்கியது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவார். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கேட்பார். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி வல்லாரை லேகியம் வாங்கினோம். காலையும் மாலையும் ஒரு ஸ்பூன், எட்டு மாதம். அப்புறம் பாதம் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் அழைத்துப்போனபோதுதான் ரத்தத்தில் பி12 வைட்டமின் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. ஊசி போட்டதும் நினைவு ஓரளவு தெளிந்தது. பாதத்தின் மரமரப்பு மட்டும் முழுதாகப் போகவே இல்லை. அந்த எட்டு மாதம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

லேகியத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என்ன நோய் என்று தெரியாமலே மருந்தைத் தொடங்கிவிட்டோம், அதுதான் தவறு. வயதானவர்களுக்கு வரும் மறதியெல்லாம் அல்சைமர் என்ற மூளை நோய் இல்லை. பி12 குறைவு, தைராய்டு குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, கீழே விழுந்து சில வாரம் கழித்து மண்டைக்குள் கட்டும் ரத்தம் என்று பல காரணங்கள் உண்டு. தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் குளோர்பெனிரமின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் சில மாத்திரைகள்கூட முதியவர்களின் நினைவைக் குழப்பும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும், காலம் கடக்காமல் பார்த்தால். நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் ஆளே மாறிப் பிதற்றினால் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு ஏதோ ஒன்றின் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சொல்லாலும் ஒரு குழப்பம் வருகிறது. ‘மூளை அழற்சிக்கு மூலிகை’ என்று வரும் செய்திகள் பேசுவது அல்சைமரில் பல வருடமாக மெல்ல நடக்கும் அழற்சியைப் பற்றி. மூளையில் மைக்ரோகிளியா என்று ஒரு வகை செல்கள் இருக்கின்றன. குப்பையை அகற்றுவதும் கிருமியை எதிர்ப்பதும் அவற்றின் வேலை. அவை ஓயாமல் தூண்டப்பட்டே இருந்தால் பக்கத்து நரம்பு செல்களையும் கெடுக்கின்றன. ஆனால் தமிழில் மூளைக்காய்ச்சலையும் மூளை அழற்சி என்றுதான் சொல்கிறோம். காய்ச்சல், தலைவலி, குழப்பம், வலிப்பு என்று வரும் அந்த நோய் சில மணி நேரத்தில் உயிரைக் கேட்கும். அங்கே எந்தக் கஷாயத்துக்கும் இடமில்லை.

அடுத்தது, எலியில் பலித்ததை மனிதருக்கு மருந்தென்று நம்புவது. 2025 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. ரோஸ்மேரி, சேஜ் இலைகளில் உள்ள கார்னோசிக் அமிலத்தை உடலில் நிலைத்து நிற்கும்படி வேதியியல் முறையில் மாற்றி எலிகளுக்குக் கொடுத்தார்கள். நினைவும் கூடியது, அழற்சியும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் எலிக்கு இயற்கையில் அல்சைமர் வருவதில்லை. மனித மரபணுக்களைப் புகுத்தி அதன் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிய வைக்கிறார்கள். அப்படிப்பட்ட எலிகளைக் குணமாக்கிய எத்தனையோ பொருள்கள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன. இன்னொன்று, அவர்கள் கொடுத்தது ரோஸ்மேரி இலையே அல்ல. கடையில் ரோஸ்மேரி எண்ணெய் வாங்கிக் குடிப்பதற்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தம் கிடையாது.

மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட மூலிகை ஜிங்கோ. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஜிங்கோ சாறு 120 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். சுமார் ஆறு வருடம் கவனித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஜிங்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், வந்தது, எடுக்காதவர்களில் 246 பேருக்கு. அதாவது தடுக்கவில்லை. அழற்சியைத் தணித்தால் போதும் என்ற எண்ணத்தையும் சோதித்துவிட்டார்கள். நேப்ராக்சென், செலிகாக்சிப் போன்ற அழற்சியைக் குறைக்கும் வலுவான மாத்திரைகளை முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வை 2004இல் இதயப் பாதுகாப்பு குறித்த கவலையால் நிறுத்தினார்கள். அந்த மாத்திரைகளும் அல்சைமரைத் தடுக்கவில்லை. ஆகவே ‘அழற்சியைக் குறைக்கும்’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பிப் புட்டி வாங்கக் கூடாது.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், நம் வீடுகளில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ‘நாம் மஞ்சள் சாப்பிடுகிறோம், நமக்கு அல்சைமர் வராது’ என்ற பேச்சுக்குப் பின்னால் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் நடந்த ஆய்வு இருக்கிறது. 2001இல் வெளிவந்த அதில் நோய் புதிதாக வரும் விகிதம் மிகக் குறைவாக இருந்தது உண்மை. அதற்குக் காரணம் மஞ்சள் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. 2023இல் வந்த நாடு தழுவிய கணக்கு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகச் சொல்கிறது. எல்லோர் வீட்டிலும் மஞ்சள் டப்பா இருந்தும்தான் இந்த நிலை.

மஞ்சளின் பலனுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பொருள் குர்குமின். மஞ்சள்தூளில் அது மூன்று சதவீதம் போலத்தான் இருக்கும். அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்கு ஆறு மாதம் தினம் 2 கிராம், 4 கிராம் என்று குர்குமினே கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. 2018இல் லாஸ் ஏஞ்சலிஸில் 40 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், எளிதில் உறிஞ்சப்படும் குர்குமினால் நினைவு கூடியது. ஆனால் அந்த 40 பேரில் யாருக்கும் டிமென்ஷியா இல்லை.

இதற்கு மிளகு சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் செய்த ஆய்வில், மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு ஏறியது. சரி, ஆனால் ஏன் ஏறியது? மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. அது குர்குமினோடு நிற்பதில்லை. வலிப்புக்குப் போடும் ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரைகளும் ரத்தத்தில் ஏறும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் சொல்லவில்லை. செறிவாக்கி, தினமும் விழுங்கும் கேப்சூலைச் சொல்கிறேன். இத்தகைய மஞ்சள் கேப்சூல்களால் ஈரல் பாதித்து மஞ்சள்காமாலை வந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்து போனால் உடனே நிறுத்த வேண்டும்.

பளிச்சென்று இருக்கும் மஞ்சள்தூளை விரும்பி வாங்குவதிலும் ஆபத்து உண்டு. பங்களாதேஷில் நிறம் கூட்ட லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் கலந்தது 2019இல் வெளியானது. ஈயம் மூளையையே கெடுக்கும் நஞ்சு. லேகியம், பஸ்பம் வாங்கும்போதும் இது பொருந்தும். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

பெயரில் ஏமாறுவதும் சாதாரணம். ‘பிராமி’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது நீர்ப்பிரமியாகவும் இருக்கலாம், வல்லாரையாகவும் இருக்கலாம். வட இந்தியாவில் வல்லாரையையே பிராமி என்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள், உள்ளிருக்கும் பொருள்களும் வேறு. நீர்ப்பிரமி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம், 12 வாரம் போல நடந்தவை. லேபிளில் தாவரவியல் பெயர் இல்லாத புட்டியை வாங்காதீர்கள்.

‘மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது’ என்பவர்களுக்கு நான் கேலன்டமைனைக் காட்டுவேன். ஸ்னோடிராப் என்ற பனிக்காலப் பூச்செடியில் கண்டறியப்பட்ட பொருள் அது. பல்கேரியாவில் 1950களில் மருந்தாக வளர்ந்து, 2001இல் அல்சைமருக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயை அது ஆற்றாது, அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும். குமட்டல், இதயத்துடிப்பு குறைவது, மயங்கி விழுவது எல்லாம் அதிலும் உண்டு. சீனத்து மூலிகையிலிருந்து வரும் ஹூப்பர்சின் வேலை செய்வதும் இதே வழியில்தான். அல்சைமருக்குத் தரும் டோனிபெசில் மாத்திரையும் அப்படித்தான். அதைச் சாப்பிடுபவருக்கு ஹூப்பர்சினையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுப்பதுபோல ஆகிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஜிங்கோ வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு அமுக்கரா தருவதை டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

மூலிகை தொடங்கியதும் டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பிரிட்டனில் டோனிபெசில் எடுத்துவந்த 295 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வந்தது. நோய் முற்றிவந்த நிலையிலும், மாத்திரையை நிறுத்தியவர்களைவிடத் தொடர்ந்தவர்களின் நினைவும் அன்றாட வேலைகளும் மேலாக இருந்தன. நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி, மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள். லேகியம், சூரணம், கேப்சூல், தைலம், சளி மாத்திரை எதையும் விடாமல். பெரியம்மாவை அழைத்துப்போனபோது லேகியத்தைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் திட்டவில்லை, புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தார், எவ்வளவு நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.