வயர்லெஸ் கீபோர்டு நின்றுபோனால் செய்யக் கூடாதவை

கல்லூரிச் சேர்க்கை நாட்களில் தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்து இ-சேவை மையங்களில் கூட்டம் நிற்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஆளுக்கொரு விண்ணப்பம். அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் கீபோர்டு நின்றுபோனால், பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடும், பஸ் ஏறி வந்தவர் எல்லா விவரமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். விண்டோஸில் திரையிலேயே ஒரு கீபோர்டு உண்டு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்சஸ், அதற்குள் கீபோர்டு என்று போனால் அதைத் திறக்கலாம். பாஸ்வேர்டு கேட்கும் திரையிலும் வலது கீழ் மூலையில் அதற்கான குறி இருக்கிறது. மவுஸால் எழுத்துகளை அழுத்திக் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு, அப்புறம் கோளாறைத் தேடலாம்.

அடுத்த தவறு, ஆராயாமலே கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது. கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை என்பார்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, பல வயர்லெஸ் கீபோர்டுகளில் அந்த விளக்கையே வைப்பதில்லை. செல் நன்றாக இருக்கிறதா என்று சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்ப்பதும் பயன்படாது. கடிகாரத்துக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். அதில் ஓடும் செல், ரேடியோ அலை அனுப்ப வேண்டிய கீபோர்டுக்குப் போதாமல் போகலாம். புதிய ஆல்கலைன் செல்களைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. இரண்டு செல் போடும் கீபோர்டில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலக்க வேண்டாம். பலவீனமான செல் முழுதாக வடிந்து, கசிந்து, உள்ளேயுள்ள தகட்டை அரித்துவிடும்.

கீபோர்டும் மவுஸும் ஒரே ரிசீவரில் (அலையை வாங்க, கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகும் சின்னக் கருவி) ஓடும் ஜோடி என்றால், நோய் எங்கே என்று மவுஸே சொல்லிவிடும். மவுஸ் நகர்ந்தால் ரிசீவரும் யுஎஸ்பி துளையும் நன்றாகவே இருக்கின்றன, கீபோர்டின் செல்லையும் சுவிட்சையும் பாருங்கள். இரண்டுமே நின்றிருந்தால் ரிசீவரை வேறு துளையில் மாற்றிச் செருகுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் குறை உங்கள் கம்ப்யூட்டரில்.

ரிசீவரைச் செருகும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அலுவலகமோ மாங்கூழ்த் தொழிற்சாலையோ, மேசை பெரும்பாலும் இரும்புதான். சிபியூ அதன் அடியில், ரிசீவர் சிபியூவின் பின்பக்கத்தில். அலை இரும்பைத் தாண்டி வர வேண்டும். இன்னொரு எதிரியும் அங்கேயே இருக்கும். இந்த ரிசீவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்டு டிஸ்க்கோ பென்டிரைவோ ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. பக்கத்துத் துளையில் ரிசீவர் இருந்தால் எழுத்து விட்டுப்போகும், ஒரே எழுத்து வரிசையாக விழும், சில நேரம் ஒன்றுமே வராது. பென்டிரைவைப் பிடுங்கியதும் சரியானால் காரணம் இதுதான். ஒரு சாதாரண யுஎஸ்பி நீட்சி ஒயர் வாங்கி ரிசீவரை மேசைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் தொல்லை தீரும்.

வலது ஷிஃப்ட் கீயை 8 நொடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதி வரும். ஃபைல் கட்டைக் கீபோர்டின் மேல் சாய்த்து வைத்தாலே போதும். திரையில் வரும் கேள்விக்குப் படிக்காமல் ‘யெஸ்’ கொடுத்துவிட்டால், கீயைச் சற்று நேரம் அழுத்தினால் மட்டுமே எழுத்து விழும். கீபோர்டு போய்விட்டதாகத்தான் தோன்றும். மேலே சொன்ன செட்டிங்ஸ் பகுதியிலேயே இதையும் அணைக்கலாம்.

டிரைவர் (கருவியை இயக்க உதவும் மென்பொருள்) அப்டேட் செய்து தருகிறோம் என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருட்களை இறக்கவே வேண்டாம். சாதாரணக் கீபோர்டுக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. மக்களின் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் ஓடும் கம்ப்யூட்டரில் ஊர்பேர் தெரியாத மென்பொருளை ஏற்றுவது, கெட்டுப்போன கீபோர்டைவிடப் பெரிய ஆபத்து.

டீ கொட்டிவிட்டால் உடனே செல்லைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, ஒரு நாளாவது காய விடுங்கள்.

கடைசியாக ரிசீவர். ஜோடியில் மவுஸ் கெட்டுப்போனால் அதோடு ரிசீவரையும் எறிந்துவிடுகிறார்கள், நல்ல கீபோர்டும் அன்றோடு பயனற்றுப் போகிறது. லாஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவர் தனியாகக் கிடைக்கும், ஒன்றிலேயே 6 கருவிகள் வரை இணைக்கலாம். விலை குறைந்த ஜோடிகள் பலவற்றில் ரிசீவரைத் தொழிற்சாலையிலேயே இணைத்து விடுவதால், மாற்று ரிசீவர் கிடைப்பது அரிது. பழைய மவுஸைத் தூக்கி எறியுமுன் அதன் செல் அறையைத் திறந்து பாருங்கள், ரிசீவரை அங்கேதான் பலரும் சொருகி வைத்திருப்பார்கள்.