எக்ஸ்ஆர்டி வாங்குமுன் அறையைப் பாருங்கள்

எங்கள் நிலவியல் துறைக்கு எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் கனிமங்களை அடையாளம் காணும் கருவி, வாங்கியபோது நான் பட்டதைச் சொல்கிறேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி) உயர்கல்வி நிறுவன ஆய்வகங்களுக்குத் தரும் ஃபிஸ்ட் நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே அறையை அளந்துவிடுங்கள். எங்களுக்குக் கருவி வந்து இறங்கிய பிறகுதான் அதைக் குளிர்விக்கும் சில்லர் வைக்க இடமில்லை என்று தெரிந்தது. மூன்று மாதம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. யுபிஎஸ், ஏசி, தனி எர்த்திங் எல்லாம் மதிப்பீட்டிலேயே இருக்கட்டும்.

எக்ஸ் கதிர் என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவு கட்டாயம். பராமரிப்புக் கட்டணத்தை ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள், அப்புறம் பேரம் படியாது.

விற்பவர்கள் தரும் செயல்விளக்கத்துக்கு உங்கள் களிமண்ணையே கொண்டுபோங்கள். செம்பு இலக்குள்ள எக்ஸ் கதிர்க் குழாயில், ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமத்தின் உச்சம் வரைபடத்தில் 6 டிகிரி கோணத்தின் (2θ) அருகே தெளிவாக எழுகிறதா பாருங்கள். குவார்ட்ஸைக் காட்டி மயக்குவார்கள். அது எந்தக் கருவியிலும் அழகாகத்தான் வரும்.