புது வார் கேம் வாங்கும் முன் ரிவ்யூ படிப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி ஆட்டக்காரர்களுக்கு

கால் ஆஃப் டியூட்டி என்ற சுடும் வீடியோ கேம் வரிசையின் புது பாகம் ஆண்டுதோறும் பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். அதன் போட்டி வரிசையான பேட்டில்ஃபீல்டும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். நமக்கு அது அடைமழைக் காலம். 2024-ல் கால் ஆஃப் டியூட்டியின் பிளாக் ஆப்ஸ் 6 வெளியானது அக்டோபர் 25. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30. பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரமும் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நாலு நாள் கரண்ட் இல்லை, ஃபைபர் அறுந்து கிடக்கிறது என்றாலும் அந்த 14 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிளேஸ்டேஷனில் இன்னும் கறார்: டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் வராது. அதனால் "வாங்கிப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடுவோம்" என்ற கணக்கு மழை மாதங்களில் இங்கே நிற்காது. வாங்கும் முன்பே ரிவ்யூக்களைப் பிரித்துப் படித்துவிட வேண்டும்.

மதிப்பெண்ணை ஒதுக்குங்கள்

பத்துக்கு ஏழு, நூற்றுக்கு அறுபத்தெட்டு என்பதெல்லாம் நமக்கு எதையும் சொல்லாது. ஒரு கால் ஆஃப் டியூட்டி பெட்டிக்குள் கேம்பெய்ன் (கதை), மல்டிபிளேயர் (நெட்டில் மற்றவர்களோடு மோதுவது), ஜாம்பி (ஜாம்பிக் கூட்டத்தைச் சுடுவது) என மூன்று கேம்கள் இருக்கின்றன. 2023-ல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்தவர்களுக்குக் கேம்பெய்ன் ஒரு வாரம் முன்பே திறக்கப்பட்டது. முதல் அடி முழுதும் அதன்மேல் விழுந்தது. கதை குட்டை, வார்ஸோன் என்ற இலவச கேமின் மேப்பை (ஆட்டக்களத்தை) வெட்டி ஒட்டியதுபோல் திறந்தவெளி மிஷன்கள் என்று கிழித்தார்கள். மல்டிபிளேயரில் வெளியீட்டன்று இருந்த வழக்கமான 16 மேப்களும் 2009-ன் மாடர்ன் வார்ஃபேர் 2-ல் இருந்தவை. பழைய ஆள் அதைக் கொண்டாடினார், புது ஆள் முழு விலைக்குப் பழசா என்று கேட்டார். கதையைத் தொடவே மாட்டேன் என்பவருக்கு முதல் குறை செல்லாது. மல்டிபிளேயர் பக்கமே போகாதவருக்கு இரண்டாவது செல்லாது. 2018-ன் பிளாக் ஆப்ஸ் 4-லும் 2021-ன் பேட்டில்ஃபீல்டு 2042-லும் வழக்கமான ஒற்றை ஆட்டக் கேம்பெய்னே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தப் பகுதியை ஆடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பகுதியைப் பற்றிய வரிகளை மட்டும் எடுங்கள்.

பயனர் மதிப்பெண்ணில் பூஜ்யமாகக் கொட்டிக் கிடந்தால் அது பெரும்பாலும் கோபத்தின் அளவு. கோபத்துக்குக் காரணம் இருக்கலாம், ஆனால் காரணம் எண்ணில் இருக்காது, எழுத்தில்தான் இருக்கும்.

மூன்று நீண்ட விமர்சனங்கள், இருபது ஸ்டீம் ரிவ்யூக்கள் போதும். ஸ்டீமில் ஆடிய நேரத்தை வைத்து வடிகட்டும் வசதி உண்டு; 10 மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு எதிர்மறையாக எழுதியவர்களை முதலில் படியுங்கள். கேம் திறக்கவே இல்லை என்று அரை மணி நேரத்தில் எழுதியவர்களையும் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் சொல்வது வேறு ரகம், கீழே வருகிறது. ஒவ்வொரு குறையையும் போனில் குறித்துக்கொண்டு, இது வடிவமைப்பா, சர்வரா, என் மெஷினா, காசு விஷயமா என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்.

வடிவமைப்புக் குறை மாறவே மாறாது என்று நினைப்பது தவறு. பேட்டில்ஃபீல்டு 2042 வந்தபோது பணி வாரியான வீரர் வகுப்புகளை எடுத்துவிட்டு, பெயருள்ள தனித்தனிப் பாத்திரங்களான ஸ்பெஷலிஸ்டுகளை வைத்தார்கள், 128 பேர் ஓடும் மேப்கள் வெறிச்சென்று கிடந்தன, முறையான ஸ்கோர்போர்டும் குரல் அரட்டையும் இல்லை. ஸ்கோர்போர்டும் குரல் அரட்டையும் 2022-ல் வந்தன, வகுப்பு முறை 2023 தொடக்கத்தில் திரும்பியது. திருத்துகிறார்கள், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் விலையும் இறங்கிவிடும். எனவே வடிவமைப்புக் குறை உங்களை உறுத்துகிறது என்றால் கேமை வெறுக்க வேண்டாம், அடுத்த வருடச் சேலுக்குத் தள்ளி வைத்தால் போதும்.

சுடுவது எப்படி இருக்கிறது: பிங் பார்த்துப் படியுங்கள்

"கன் ஃபீல் அருமை", "டிடிகே கச்சிதம்" என்று எழுதுபவர் எங்கே உட்கார்ந்து ஆடினார் என்பதைப் பொறுத்து அந்த வரியின் பொருளே மாறும். பிங் என்பது உங்கள் மெஷினிலிருந்து சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம். டிடிகே என்பது எதிரியை வீழ்த்த ஆகும் நேரம். கணக்கு எளிது: விழ வேண்டிய தோட்டாக்களில் ஒன்றைக் கழித்து, 60,000-ஆல் பெருக்கி, துப்பாக்கியின் நிமிட வேகத்தால் வகுத்தால் மில்லிசெகண்டில் விடை வரும். நிமிடத்துக்கு 700 தோட்டா சுடும் துப்பாக்கிக்கு 4 தோட்டா தேவை என்றால் 3 × 60,000 ÷ 700, ஏறக்குறைய 257 மில்லிசெகண்ட். 15 மில்லிசெகண்ட் பிங்கில் ஆடும் அமெரிக்க விமர்சகருக்கு இது முழுதாகக் கிடைக்கும். 120 பிங்கில் இருப்பவருக்கு எதிரி சுடத் தொடங்கியது தெரியும்போதே பாதி உயிர் போயிருக்கும். சுவருக்குப் பின்னால் மறைந்த பிறகும் சாகிறேன் என்று திட்டுவது இதனால்தான். டிக் ரேட் குறைந்த சர்வரில் இது இன்னும் மோசம்: நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் சர்வரில் இரண்டு புதுப்பிப்புகளுக்கு இடையே 17 மில்லிசெகண்ட், 20 முறை என்றால் 50.

ஆகவே டிடிகே குறைவான கேம் என்று எல்லாரும் புகழ்ந்தால், இங்கிருந்து ஆடுபவருக்கு அது எச்சரிக்கை. டிடிகே நீளம், எதிரி சாக மாட்டேன் என்கிறான் என்று திட்டினால், நமக்கு அது சாதகமாகவும் இருக்கலாம்.

விமர்சனத்தைப் படிப்பதோடு இந்திய ஸ்ட்ரீமர் ஒருவரின் வெட்டப்படாத ஒரு மணி நேர ஒளிபரப்பைப் பாருங்கள். திரையின் மூலையில் பிங் எண் ஓடும். எந்த சர்வரில் விழுகிறார், ஆள் சேரும் வரை எத்தனை நிமிடம் லாபியில் காத்திருக்கிறார் என்பதைக் குறியுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போகிறது. அதனால் சில இணைப்புகளில் மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் பிங்கில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் நேரம் வேறு. நமக்கு இரவு 11 என்றால் சிங்கப்பூரில் 1:30. அந்த நேரத்துக்கு டீம் டெத்மேட்சில் ஆள் கிடைக்கும், கூட்டம் குறைந்த மோட்களில் லாபி நிரம்பாது. எந்த விமர்சகரும் இதை எழுதமாட்டார்.

இலவச பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, வந்தால் விடாதீர்கள். பேட்டில்ஃபீல்டு 6-க்கு 2025 ஆகஸ்டில் இலவசப் பீட்டா இருந்தது. மேப்கள் சின்னவை என்ற குறை அப்போதே வந்துவிட்டது. பீட்டாவில் மாலை 7 முதல் 10 வரை, தெருவே வீடியோ பார்க்கும் நேரத்தில் ஆடிப் பாருங்கள். வைஃபையில் சோதிக்காமல் லேன் கேபிள் போட்டுச் சோதியுங்கள். சராசரி பிங்கை விட பாக்கெட் லாஸை, அதாவது வழியில் தொலையும் தகவலின் அளவை, கவனியுங்கள்: 60 பிங் நிலையாக இருந்தால் ஆடலாம், 35 பிங்கில் 2 சதவீதம் லாஸ் இருந்தால் ஆடவே முடியாது.

மெஷின் குறைகள்

கேம் திறக்கவில்லை என்ற ரிவ்யூக்களில் பல இப்போது செக்யூர் பூட் பற்றியவை. பேட்டில்ஃபீல்டு 6, பிளாக் ஆப்ஸ் 7 இரண்டும் பிசியில் செக்யூர் பூட்டும் (மெஷின் எழும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் அமைப்பு) டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) கேட்கின்றன, ஏமாற்றி ஆடும் சீட்டர்களைத் தடுப்பதற்காக. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோட் யூஈஎஃப்ஐ என்றும், செக்யூர் பூட் ஸ்டேட் ஆன் என்றும் இருக்க வேண்டும். டிபிஎம் பதிப்பை விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி பக்கத்தில் பார்க்கலாம்.

பயாஸ் மோட் லெகசி என்று காட்டினால் அவசரப்பட்டு, விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் மாற்றாதீர்கள். பழைய அசெம்பிள் மெஷின்களில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிவினை முறையில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல், பயாஸில் பழைய முறையைத் தாங்கும் சிஎஸ்எம்-ஐ அணைத்தால் விண்டோஸே எழும்பாது. முதலில் பேக்கப், பிறகு விண்டோஸில் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி, அதன் பிறகே பயாஸ். தெரியாவிட்டால் அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் கொடுங்கள், அரை மணி நேர வேலை. லினக்ஸில் ஆடலாம் என்று இருப்பவர்கள் இந்த இரண்டு கேம்களையும் மறந்துவிடலாம்.

ஃபிரேம் ரேட் குறை சொல்பவரின் கிராஃபிக்ஸ் கார்டு என்ன, ரேம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதாவிட்டால் அந்த ரிவ்யூ வீண். பேட்டில்ஃபீல்டு 6-க்குக் குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060, 16 ஜிபி ரேம்.

டவுன்லோடு கணக்கு: 100 ஜிபி இறங்க 40 எம்பிபிஎஸ் இணைப்பில் தடையில்லாமல் ஐந்தரை மணி நேரம், 100 எம்பிபிஎஸில் இரண்டே கால். டிஸ்க் வாங்கினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். 2022-ன் மாடர்ன் வார்ஃபேர் 2 பிஎஸ்5 டிஸ்கில் இருந்தது சுமார் 70 எம்பிதான், மிச்சம் எல்லாம் நெட்டில். டிஸ்கின் ஒரே லாபம் பிறகு விற்கலாம் என்பது.

பிளாக் ஆப்ஸ் 7 கேம்பெய்ன் குறைகளில் ஒன்று நம் ஊருக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். வெளியானபோது தனியாக ஆடினாலும் எப்போதும் ஆன்லைனில் இருக்க வேண்டியிருந்தது, பாஸ் (தற்காலிக நிறுத்தம்) செய்ய முடியவில்லை, மிஷன் நடுவே வெளியேறினால் தொடக்கத்திலிருந்துதான். வெளியூர் விமர்சகருக்கு இது எரிச்சல். நவம்பரில் மஞ்சக்குப்பத்திலோ வில்லியனூரிலோ ஒரு நொடி கரண்ட் வெட்டினால் ஒரு மிஷனே போச்சு. இன்வெர்ட்டரை யூபிஎஸ் முறையில் வைத்திருக்கிறீர்களா, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அதே லைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தேவை. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

காசும் வரலாறும்

வெளியீட்டு வாரத்து ரிவ்யூவில் கேமுக்குள் இருக்கும் கடை பற்றிய குறை இல்லை என்றால் கடை நல்லது என்று பொருளில்லை. பிளாக் ஆப்ஸ் 4 வந்தது 2018 அக்டோபரில். உள்ளே என்ன என்று தெரியாமல் காசு போட்டுத் திறக்கும் லூட் பெட்டிகள் நுழைந்தது 2019 பிப்ரவரியில், விமர்சனமெல்லாம் எழுதி முடிந்த பிறகு. ஆகவே காசு விஷயத்துக்கு மட்டும் ஸ்டீமில் "சமீபத்திய ரிவ்யூ" பகுதியைப் பாருங்கள். அது கடைசி 30 நாளைக் காட்டும்.

கதை பொய் சொல்கிறது என்ற குறையை அரசியல் என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டாம், சரிபாருங்கள். 2019-ன் மாடர்ன் வார்ஃபேரில் "ஹைவே ஆஃப் டெத்" என்று ஒரு சாலை வரும், பின்வாங்கியவர்களை ரஷ்யர்கள் குண்டு போட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும். அந்தப் பெயரில் உண்மையில் நடந்தது 1991-ல், குவைத்திலிருந்து பாஸ்ரா போகும் சாலையில்; குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை. கேம் சொல்லும் நாடு கற்பனை என்பது உண்மைதான், பெயர் கற்பனை இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று. 2016-ன் பேட்டில்ஃபீல்டு 1 முதல் உலகப் போரைப் பற்றியது, ஆனால் வெளியீட்டன்று பிரெஞ்சு ராணுவம் அதில் இல்லை. 2017 மார்ச்சில் தனிக் காசு கொடுத்து வாங்கும் தொகுப்பாக வந்தது. கடற்கரைச் சாலையில் அந்தப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கும் ஊரில், இந்தக் குறைக்கு வேறு எந்த விமர்சகரும் தராத எடை உண்டு. அதை உங்கள் ரிவ்யூவில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

வாங்கிவிட்டால் அந்த இரண்டு மணி நேரம்

ஸ்டீமின் 2 மணி நேரக் கணக்கு கேம் திறந்த நொடியில் ஓடத் தொடங்கும். ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரமும், கேமுக்குள்ளேயே மல்டிபிளேயர் பகுதி தனியாக இறங்கும் நேரமும் அதில் சேரும். திறந்து விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரை முன்பே புதுப்பியுங்கள். ஷேடர் முடிந்ததும் மாலை நேரத்தில் மூன்று மேட்ச், பிறகு கேம்பெய்னில் ஒரு மிஷன். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் மூடிவிட்டு, உங்கள் குறிப்பில் எழுதிய குறைகளில் எத்தனை உண்மை என்று பாருங்கள். திருப்புவதென்றால் ஸ்டீம் உதவிப் பக்கத்தில் வாங்கிய கேமைத் தேர்ந்து கேளுங்கள். கட்டிய வழியில் பணம் திரும்ப முடியாவிட்டால் ஸ்டீம் வாலெட்டில் வந்து விழும்.