தாழப் பறக்கையில் என்ஜின் நின்றால்: பூச்சிமருந்து விமானி தவிர்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் பூச்சிமருந்து தெளிக்கும் விமானத்துக்கு வேலையே இல்லை. லிம் சூ காங் பண்ணைகளைத் தாண்டி ஒரு வட்டம் அடிப்பதற்குள் கடல் வந்துவிடும். சிலேத்தாரில் சின்ன விமானம் ஓட்டிப் பழகி, ஆஸ்திரேலியப் பருத்தி வயல்களில் இந்த வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பயிற்சியில் என்ஜின் நிற்பது ஆயிரக்கணக்கான அடி உயரத்தில். இடம் தேடலாம், செக்லிஸ்ட் பார்க்கலாம். வயலுக்கு மேல் பத்து அடியில் அந்தப் பழக்கத்தை நம்பியிருப்பதே முதல் தவறு. கையில் இருப்பது வேகம் மட்டும்தான். அதைக் கொஞ்சம் உயரமாக மாற்றி, உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும்.

அடுத்தது, தொட்டியில் உள்ளதைக் கொட்டத் தயங்குவது. ஏர் டிராக்டர் 802 என்ற மருந்து தெளிக்கும் விமானத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும், அதாவது ஏறக்குறைய மூன்று டன். மருந்தின் விலை, பக்கத்து வயல்காரரின் சண்டை எல்லாம் அப்புறம். அவசரக் கைப்பிடியை இழுத்தால் சில நொடிகளில் காலியாகிவிடும். ஆனால் சுமை குறைந்ததும் மூக்கு மேலே எழப் பார்க்கும். ஸ்டிக்கை (விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியை) முன்னால் தள்ளத் தயாராக இல்லாவிட்டால் அங்கேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும்.

ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசைதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தானது. 45 பாகை சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் ஆகத் தொடங்கும் வேகம் 19 சதவீதம் கூடும், 60 பாகையில் 41. உங்கள் வேகமோ குறைந்துகொண்டே வருகிறது. இரண்டும் சந்தித்தால் மீள உயரம் இருக்காது. இந்த விமானங்களில் விமானிக்கு முன்னால் நீண்ட மூக்கும் தொட்டியும் இருப்பதால், இறக்கை சமமாக நேரே போய் மோதினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. இறக்கை முனை முதலில் பட்டால் அந்தப் பாதுகாப்பு பெரிதாக உதவாது.

காற்றையும் மறந்துவிடுவார்கள். 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இறங்கும் விமானம், 10 நாட் எதிர்க்காற்றில் தரையை 50 நாட் வேகத்தில் தொடும். அதே காற்று முதுகில் அடித்தால் 70. மோதலின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். தெளிக்கும் முன் புகை விட்டுக் காற்றைப் பார்த்தீர்களே, அதை நினைவில் வையுங்கள்.

உழவுச் சாலுக்குக் குறுக்கே இறங்காதீர்கள், சாலோடு போங்கள். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவில் தெரிவதை வெற்றிடம் என்று எண்ணாதீர்கள். அங்கே கம்பி இருக்கும்.

நின்றதும் உள்ளேயே உட்கார்ந்து ரேடியோவில் பேச வேண்டாம். எரிபொருளையும் மின்சாரத்தையும் இறங்கும் முன்பே அணைத்திருந்தாலும், வெளியே வந்து காற்று வரும் பக்கமாக விலகுங்கள். உதவிக்கு வருபவர்களிடம் தொட்டியில் என்ன மருந்து இருந்தது என்று முதலில் சொல்லுங்கள்.