மணலில் சக்கர நாற்காலியைத் தள்ளாதீர்கள், இழுங்கள்

கடற்கரை மணல், புல்தரை, சரளைக்கல் பாதை போன்ற இடங்களில் சக்கர நாற்காலியை முன்னோக்கித் தள்ளாமல், திருப்பிப் பின்பக்கமாக இழுத்துச் செல்லுங்கள். முன்னாலுள்ள சிறு சக்கரங்கள்தான் மண்ணில் புதைகின்றன. நாற்காலி சட்டென நின்றால் அமர்ந்திருப்பவர் முன்னே சரிந்து விழவும் கூடும். இழுக்கும்போது பெரிய பின்சக்கரங்கள் முதலில் உருண்டு வழி அமைத்துக் கொடுக்கும். கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்தினால் முன்சக்கரங்களின் மீதுள்ள பாரமும் குறையும். ஆனால் அமர்ந்திருப்பவரைக் கேட்காமல் திருப்பவே கூடாது; எங்கே போகிறோம் என்று தெரியாமல் இழுபடுவது அச்சம் தரும். அது அவருடைய உலா அல்லவா! கனமான மின் நாற்காலிக்கும் நீண்ட மணல்வெளிக்கும் இந்த முறை ஒத்துவராது. அங்கே அகலமான, காற்றடைத்த சக்கரங்கள் கொண்ட கடற்கரை நாற்காலிதான் வேண்டும்.