கிடாயை மலடு என்று விற்கும் முன்

ஒரு ஆனி மாத மழையில் இலங்கை மலையகத் தோட்டத்தில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வெள்ளாட்டுக் கிடாய்க்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் தீனி தொடவில்லை. நாலாம் நாள் எழுந்து, பழைய வீச்சத்தோடு பெட்டைகளை விரட்ட ஆரம்பித்துவிட்டது. ஜூலையில் இரண்டு பெட்டைகளுக்கு விட்டோம். இரண்டும் சினை பிடிக்காமல், 21 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்தின. “மலட்டுக் கிடாய்” என்று முடிவு கட்டி, ஆகஸ்ட் கடைசியில் திருவிழாவுக்கு விற்றார் அப்பா. விற்பதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் நடுவில், அதே கிடாயிடம் சேர்ந்த பெட்டை பொங்கல் வாரத்தில் இரட்டைக் குட்டி போட்டது. கிடாய் அப்போது யார் வயிற்றிலோ செரித்து முடிந்திருந்தது.

நாங்கள் செய்த முதல் தவறு, கிடாயின் ஆசையையும் விந்தின் தரத்தையும் ஒன்றாக எண்ணியது. வீச்சம் அடிக்கும், உதட்டைச் சுருட்டும், பெட்டைமேல் ஏறும். ஆனாலும் விந்து கெட்டிருக்கலாம். விதை (விரை), உடம்பைவிட 4 முதல் 5 பாகை செல்சியஸ் குளிராக இருந்தால்தான் விந்து ஒழுங்காக உருவாகும். காய்ச்சலில் அந்தக் குளிர்ச்சி போய்விடும். செம்மறிக் கடாவுக்கும் வெள்ளாட்டுக் கிடாய்க்கும் ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 7 வாரம் ஆகும். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் பத்து, பதினான்கு நாள். அதாவது இன்று சினை பிடிக்காததற்குக் காரணம் இன்றைய மழையோ வெயிலோ அல்ல. இரண்டு மாதத்துக்குள் நடந்த ஏதோ ஒன்று. ஜூன் காய்ச்சல் ஜூலையில் வேலையைக் காட்டியது, ஆகஸ்ட் நடுவில் சரியாகிவிட்டது.

அடுத்தது, வெளிநாட்டுக் கணக்கை இங்கே ஒட்டுவது. குளிர் நாட்டுச் செம்மறிக் கடாவின் விதை வசந்தத்தில் சிறுத்து, பகல் குறுகக் குறுகப் பெருத்து இலையுதிர் காலத்தில் உச்சத்துக்கு வரும். இரவு நீண்டால் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் நெடுநேரம் சுரக்கிறது. அதை வைத்துத்தான் உடம்பு காலத்தை அறிகிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் 8 மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். இங்கே நுவரெலியாவில் சுமார் 50 நிமிடம்தான். நாட்டுக் கிடாய் வருடம் முழுக்க வேலை செய்வது இதனால்தான். குளிர் நாட்டு இரத்தம் உள்ள கிடாய் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் காட்டலாம், அவ்வளவே. ‘குளிர் ஊர் என்பதால் நம் கிடாயும் அப்படித்தான்’ என்பது வீண் பேச்சு. குளிர் வேறு, பகல் நீளம் வேறு.

நம் ஊரில் பருவம் என்பது மழையும் தீனியும்தான். தென்மேற்குப் பருவமழையில் புல் ஈரமாக, தண்ணியாக இருக்கும். வயிறு நிறைந்தாலும் சத்து போதாது. கிடாய் மெலிந்தால் விதையும் சுருங்கும். முள்முருங்கை இலையும் கொஞ்சம் தவிடும் சேர்த்துக் கொடுத்தால் தாங்கும். சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கவேண்டும். முதல் நாள் வாளி நிறையப் போட்டுப் பயனில்லை. சேற்றில் குளம்பு அழுகினாலும் பின்னங்காலில் நின்று ஏற அதற்கு வலிக்கும். அதை ‘ஆசை இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம்.

கொட்டிலை உரச் சாக்கால் சுற்றி அடைக்கிறோம், குளிருமே என்று. மழைச் சாரலுக்குச் சரி. மாசி, பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதே சாக்கு இருந்தால் கிடாய் வேகும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இது இன்னும் மோசம்.

அப்புறம், ஒரு கிடாயைப் பத்து லயத்துக்கும் இரவல் கொடுப்பது, அதன் மகளுக்கே அதை விடுவது எல்லாம் பழைய கதை; எல்லோருக்கும் தெரியும், யாரும் நிறுத்துவதில்லை.

மலடா என்று பார்க்க, மாதம் ஒரு தடவை விதைப்பையைத் தையல் நாடாவால் அளந்து எழுதுங்கள். கையால் அமுக்கினால் திடமாக இருக்கவேண்டும். தொளதொளவென்றோ, ஒரு பக்கம் வீங்கியோ இருந்தால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் வந்திருந்தால் 60 நாள் பொறுங்கள். அப்பா இப்போது காய்ச்சல் வந்த தேதியைக் கொட்டில் பலகையில் கரிக்கட்டியால் எழுதி வைக்கிறார்.