பழகின கடற்கரையை வரையும்போது செய்யக்கூடாதவை

தினமும் பார்க்கிற கடல்தானே, கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம் என்று உட்காருகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். புதிதாக வரைய வருகிறவர்களோடு கரையில் உட்கார்ந்தால், ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்துகள் ஒன்று விடாமல் திரும்ப நடக்கின்றன. காற்று படம் வைக்கும் ஸ்டாண்டை (ஈசல்) தள்ளும், வெயிலில் வாட்டர்கலர் சட்டென்று காயும் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரே நாளில் தானாகத் தெரிந்துவிடும்.

வெளிச்சத்தைத் துரத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். காலையில் ஆரம்பித்த படத்தைப் பொழுது சாயும் வரை 'திருத்தி'க்கொண்டே இருப்பது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. கடலும் சும்மா இருக்காது, பெரும்பாலான கரைகளில் வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் சொச்சம்தான்.

அண்மையில் பக்கத்தில் ஒருவர் கரையேற்றிய படகை அருமையாகப் பிடித்திருந்தார், ஈர மணலில் அதன் அடிப்பக்கம் மங்கலாகத் தெரிவது உட்பட. அங்கேயே பிரஷைக் கழுவியிருக்கலாம். வெயில் மாற மாற அவரும் மாற்றினார். கடைசியில் படகின் நிழல் இடப்பக்கம், நங்கூரக் கயிற்றின் நிழல் வலப்பக்கம், வானத்தில் உச்சி வெயில் வெளுப்பு, மணலில் மட்டும் காலை மஞ்சள். நல்ல கேன்வாஸ், ஒரு முழு நாள், எல்லாம் போச்சு. என்ன தப்பு என்று கேட்டார், "எத்தனை மணிப் படம் இது?" என்று கேட்டேன், பதில் இல்லை.

முதல் பத்து நிமிடம் வண்ணத்தைத் தொடாதீர்கள். உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் படம், நிழல் எங்கே முடிகிறது, ஈர மணல் எதுவரை என்று ஒரு கோடு, ஓரத்தில் மணி. அப்புறம் வெளிச்சம் என்ன ஆட்டம் போட்டாலும் அந்தத் துண்டுத் தாள் சொல்வதுதான் சட்டம். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை, அவ்வளவுதான்.

சரி, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து முடிக்கலாமா? வெளிச்சம் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதே வெளிச்சமும் அதே நீர்மட்டமும் ஏறக்குறைய சேர்ந்து வர பதினைந்து நாள் ஆகும், அமாவாசையில் தொடங்கினால் பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் பிரெஞ்சு ஓவியர் மோனே வழி: 1880களில் பிரான்சின் எத்ரெத்தா கரையில் அவர் பல கேன்வாஸ்களை எடுத்துப்போய், வெளிச்சம் மாறியதும் படத்தைத் திருத்தாமல் கேன்வாஸை மாற்றினார்.

தொடுவானம்

அது உங்கள் கண் மட்டம். நின்று பார்த்தால் சமதளக் கரையில் உங்கள் உயரத்து ஆட்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் கண் அந்தக் கோட்டில்தான் இருக்கும். பாதியில் ஸ்டூலில் உட்கார்ந்தால் கோடும் கூடவே இறங்கிவிடும். நின்றால் நின்றே முடியுங்கள்.

கடல் நீலம்

டியூபில் இருப்பது கடல் இல்லை. முதலில் வானத்தைப் பாருங்கள்.

போட்டோ

நங்கூரம் எப்படி இருந்தது என்று பார்க்க மட்டும். நிறத்துக்கு வேண்டாம்.

பெயின்டில் ஒட்டின மணல்

ஈரத்தில் தேய்க்கவே தேய்க்காதீர்கள், சேறாகிவிடும். காய்ந்த பிறகு தட்டுங்கள், வராததை விடுங்கள். மோனே 1870இல் பிரான்சின் த்ரூவில் கடற்கரையில் வரைந்த ஒரு படத்தில் மணல் துகள்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.